காணியை ஈடு வைக்க முன் பிள்ளையின் கொப்பியைப் பாருங்கள்

அக்கா, வெள்ளிக்கிழமை பின்னேரம் நீங்கள் மூவரும் வந்திருந்தபோது பிள்ளை கதைத்தது இரண்டே இரண்டு வசனம். மிச்சமெல்லாம் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மாமாவின் கதை; முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சீர்செய்யும் கைரோபிராக்டிக் வைத்தியப் படிப்பைப் பற்றி. "கைரோபிராக்டிக் படித்தால் அங்கே டொக்டர் என்றே போடலாம். மெடிசின் கிடைக்காத குறை தெரியாது." அன்று அழாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அது போதாது. உப்புவெளிக் காணியை இதற்காக ஈடு வைக்காதீர்கள்.

மாமா பொய் சொல்லவில்லை. கனடாவில் அது சட்டப்படி பதிவுள்ள தொழில்தான். ஆனால் கணக்கை அவர் சொல்லவில்லை. அந்த நாடு முழுவதிலும் அதைப் படிப்பிப்பது 2 இடங்களில். ஒன்று ரொறன்ரோவில். மற்றது கியூபெக்கில், அங்கே படிப்பு பிரெஞ்சு மொழியில். ரொறன்ரோக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே குறைந்தது 3 வருடம் பல்கலைக்கழகத்தில் படித்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு 4 வருடம். எல்லாவற்றையும் அங்கேயே படித்தால் ஏழு வருடமும் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம். இடையில் ஒரு சோதனை பிழைத்தாலும் காணி போய்விடும். அந்தப் பாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை படிக்கும்? செலவு விசயத்தில் நான் இறங்கி வரமாட்டேன்.

நர்சிங், பார்மசி பற்றியெல்லாம் ரியூசன் வாசலிலேயே கேட்டிருப்பீர்கள். அவற்றை விடுவோம்.

நீங்கள் வெளியே போன நேரம் பிள்ளை ஒரு கொப்பியைக் காட்டினாள். அம்மம்மாவின் நாரிநோவை 40 நாளாக எழுதி வைத்திருக்கிறாள். பின்னேரம் விளக்கு வைத்ததும் "பூச்சியத்துக்கும் பத்துக்கும் இடையில் எத்தனை?" என்று கேட்பாளாம். சாம்பல்தீவுப் பரிசாரியிடம் கூட்டிக்கொண்டு போன நாள் 8. பத்து நாளில் 5. வீட்டில் எல்லோரும் எண்ணெயைப் புகழ்ந்திருக்கிறீர்கள். பிள்ளையோ ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "போகாமல் இருந்திருந்தாலும் குறைந்திருக்குமா?"

அக்கா, அந்த ஒரு வரியைப் பார்த்ததும் எனக்கு மேலே கதை வரவில்லை. நோ உச்சத்தில் இருக்கும்போதுதான் நாங்கள் வைத்தியரிடம் ஓடுகிறோம். உச்சத்துக்குப் போனது பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் இறங்கும். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க வைத்தியம் பெறாத இன்னொரு குழு வேண்டும். யார் எந்தக் குழு என்பதை எழுமாற்றாக, சீட்டுக் குலுக்குவது போல, பிரிக்க வேண்டும். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துப் பார்த்த பிரித்தானிய ஆய்வு 1948இல் வெளிவந்த பிறகுதான் இந்த முறை மருத்துவத்தில் வேரூன்றியது. உங்கள் மகள் ஒரு வகுப்புக்கும் போகாமல் அதன் வாசலில் வந்து நிற்கிறாள்.

அதனால் நான் சொல்லும் இடம் கோணேசபுரி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம், சித்த மருத்துவம். 5 வருடப் படிப்பு, 1 வருட உள்ளகப் பயிற்சி, கற்பித்தல் கட்டணம் இல்லை. பஸ்ஸில் போய் வரலாம். "பரிசாரிப் படிப்பா?" என்று உங்கள் மச்சாள் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொக்கணத்தில், அதாவது சித்த மருத்துவத்தின் கைவைத்தியத்தில், 9 வகை உண்டு. கையால் செய்யும் வைத்தியம்தான் பிள்ளைக்கு விருப்பமென்றால் அது இங்கேயே இருக்கிறது. அதில் எது, யாருக்கு, எவ்வளவு உதவுகிறது என்று அளந்து எழுத ஆள் வேண்டும்.

கைரோபிராக்டிக் மாணவர்களுக்கும் ஆய்வு முறையும் அடிப்படைப் புள்ளிவிபரமும் பாடம். கைவைத்தியத்தை அளப்பது குளிசையை அளப்பது போலல்ல. மருந்தில்லாத போலிக் குளிசை கொடுத்தால் நோயாளிக்குத் தெரியாது. முதுகை அழுத்தும் கைக்கு, தான் அழுத்துவது தெரியுமே! போலி அழுத்தத்தை எப்படி அமைப்பது, நோயாளி கண்டுபிடித்துவிட்டாரா என்று எப்படிக் கேட்பது, அளப்பவருக்கு குழு தெரியாமல் எப்படி மறைப்பது என்பதெல்லாம் தொக்கணத்துக்கும் அப்படியே பொருந்தும். நாரிநோவால் அன்றாட வேலை எவ்வளவு தடைப்படுகிறது என்று அளக்க 24 கேள்விகள் கொண்ட ரோலண்ட்-மொரிஸ் வினாக்கொத்து இருக்கிறது. அதை அம்மம்மாவுக்கு விளங்கும் திருகோணமலைத் தமிழில் கேட்பதே ஒரு நல்ல ஆய்வு வேலை.

கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். மூன்று வருடமாக வீடே நித்திரை கெட்ட உயர்தரச் சோதனை இசட் புள்ளி என்ன? ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளையின் புள்ளியிலிருந்து எல்லோருடைய இடையை (சராசரியை)க் கழித்து, புள்ளிகள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்று காட்டும் நியம விலகலால் வகுத்து, பாடங்களுக்குச் சராசரி எடுத்தது. அது விளங்கினால், உண்மையான அளவு எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பிக்கை ஆயிடையும் விளங்கும். ஆயிரக்கணக்கானோரை வைத்துப் பார்த்தால் நோ பத்துக்கு 0.4 அளவு குறைந்த வித்தியாசம்கூடத் தற்செயல் இல்லையென்று கணக்கு காட்டும். ஆனால் அம்மம்மாவுக்கு ஒரு சுகமும் தெரியாது. பத்துக்கு 2 அளவாவது குறைந்தால்தான் மனுசருக்குச் சுகம் தெரிகிறது என்று நோ ஆய்வுகளில் பொதுவாகக் கொள்வார்கள். இந்த இரண்டையும் பிரித்தறியும் வைத்தியரிடம் நான் என் தாயை நம்பிக் கொடுப்பேன். கணிக்க ஆர் (R) என்ற மென்பொருள் இலவசம், வீட்டிலுள்ள பழைய மடிகணினியே போதும்.

பட்டம் முடித்த பிறகும் கைரோபிராக்டிக்தான் வேண்டுமென்று அவளே சொன்னால், அப்போது நானே விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன். இப்போது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை அவளைத் தனியே அனுப்புங்கள். மாமாவின் நம்பரையும் தாருங்கள், அவரோடு நான் கதைக்கிறேன். அதுவரை அம்மம்மாவிடம் எண் கேட்பதை ஒரு நாளும் விடவேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்.