ஆடித் தள்ளுபடி வாஷிங் மெஷின்: முன்பணம் கட்டுவதற்கு முன்

32,000 ரூபாய் மெஷினை ஆடித் தள்ளுபடியில் 19,500க்குத் தருகிறார்களே, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் விலை சட்டப்படி உச்ச வரம்பு மட்டுமே. வீட்டு உபயோகப் பொருள்கள் அந்த விலைக்குப் பெரும்பாலும் விற்பதே இல்லை. எனவே தள்ளுபடியை அதிலிருந்து கணக்கிடாதீர்கள். மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை குறித்துக்கொண்டு வேறு இரண்டு கடைகளில் விசாரியுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு மாடலாக இருக்கலாம். அங்கும் 20,000 என்றால் உங்களுக்குக் கிடைப்பது வெறும் 500 ரூபாய்ச் சலுகைதான்!

துணிமணி கதை வேறு. ஆடியில் கல்யாணம் இல்லை, தீபாவளிச் சரக்குக்கு இடமும் வேண்டும். பழைய இருப்பு உண்மையாகவே மலிவாகக் கிடைக்கும். அச்சிட்ட விலையை மறைத்துக் கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது சட்டவிரோதம். படம் எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தயங்காமல் புகார் செய்யுங்கள்.