லைப்ரரி புக்கை ஜெராக்ஸ் போடலாமா?

கேள்வி: ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்க லைப்ரரியில ஒரு பழைய நாவல் எடுத்தேன், கடையில எங்கயும் கிடைக்கல சார். முழுசா ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கலாமா? ஸ்கேன் பண்ணி எங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டா தப்பா?
– வாசகி, கரோல் பாக்

பதில்: எடுத்துப் படிக்கிறது, அக்கம்பக்கத்துக்குக் கைமாத்தா குடுக்கிறது எல்லாம் தாராளமா பண்ணலாம்மா, காப்பி எடுக்கிறப்பதான் சட்டம் குறுக்க வருது. 1957 காப்பிரைட் சட்டத்துல 52வது பிரிவு, சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவு எடுக்கலாம்னு சொல்லுது, ஆனா எத்தனை பக்கம்னு கணக்கு சொல்லல, அதனால நாலு அத்தியாயம்னா பயப்பட வேணாம், அட்டை டு அட்டைன்னா வாதாடறது கஷ்டம். கடையில கிடைக்கலைங்கிறது உங்களுக்குச் சாக்கு ஆகாது. இந்தியாவுல விலைக்குக் கிடைக்காத புக்கை லாப நோக்கமில்லாத பொது நூலகமே தன் உபயோகத்துக்கு மூணு காப்பி வரைக்கும் எடுத்துக்கலாம், அதனால லைப்ரேரியன்கிட்டயே கேட்டுப் பாருங்க.

குரூப்ல போடறது வேண்டவே வேண்டாம், இருநூறு பேருக்குப் போனா அது எப்படி சொந்த உபயோகம்? உடனே, பாடப் பகுதிகளைக் காப்பி போட்டுக் குடுத்ததுக்காகப் பதிப்பகங்கள் டெல்லி யுனிவர்சிட்டி ஜெராக்ஸ் கடை மேல போட்ட கேஸைச் சொல்வாங்க, 2016ல ஹைகோர்ட் கடை பக்கம் தீர்ப்பு சொன்னது நிஜம்தான், ஆனா அது பாடம் நடத்தறதுக்கான காப்பி, நம்ம நாவலுக்குப் பொருந்தாது.

முதல்ல எழுத்தாளர் எப்ப காலமானார்னு பாருங்க. அந்த வருஷம் முடிஞ்சு 60 வருஷம் தாண்டிடுச்சுன்னாலோ, தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியிருந்தாலோ, ஜம்முனு ஸ்கேன் பண்ணுங்க, எனக்கும் ஒண்ணு அனுப்புங்க.