இந்திய தேசிய ஆவணக் காப்பகம் மார்ச் 11-ஐக் கொண்டாடுவது ஏன்?

1891-இல் அந்த நாளில்தான் கல்கத்தாவில், இந்தக் காப்பகத்தின் பழைய வடிவமான 'இம்பீரியல் ரெக்கார்டு டிபார்ட்மென்ட்' தொடங்கியது. முதல் பொறுப்பாளர், பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரிப் பேராசிரியர் ஃபாரஸ்ட். ஆண்டுதோறும் அன்றைக்குப் பழைய ஆவணங்களைக் கண்காட்சி வைப்பார்கள்.

வரலாற்று ஆர்வத்தில் பிறந்த யோசனை என்று நினைத்துவிட வேண்டாம். அலுவலகங்களில் காகிதம் குவிந்துவிட்டது. 1860-லேயே ஒரு தணிக்கை அதிகாரி, வேண்டாததை அழித்து மற்றதை ஒரே மையக் காப்பகத்துக்கு அனுப்பச் சொன்னார். பரணைக் காலி செய்கிற கதைதான்!

தலைநகர் மாறியபின் 1926-இல் டெல்லியில் அதற்கென, கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த கட்டடம் வந்தது. ஆவணங்கள் முழுதாக வந்துசேர 1937 ஆனது. அப்புறம், 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டப்படி, 1892-க்கு முந்தைய ஆவணத்தை, பயன்படவே முடியாதபடி சிதைந்திருந்தாலொழிய, அழிக்கக் கூடாது. கொண்டாட்டத்தைவிட இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.