உம்மணாமூஞ்சி

அன்புள்ள அக்காவுக்கு,

'அப்பா சிறுவனாக இருந்தபோது' என்ற ரஷ்யச் சிறுவர் கதைப் புத்தகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பரணில் கிடந்த என் பிரதியைத் தேடி எடுத்தேன். ஆறு வயது மகளுக்கு வாசித்துக் காட்டும்போது, எதற்கெடுத்தாலும் கோவித்துக்கொள்ளும் சிறுவனின் கதை வந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இரண்டு நாள் பேசமாட்டேன். மனைவி கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பேன். நாற்பது வயதுக்கு மேல் இது மாறுமா? உங்களுக்கும் இந்தக் குணம் உண்டா?

கே., ஈரோடு

அன்புள்ள தம்பி,

உண்டு. அதனால்தான் அந்தப் புத்தகம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

அந்தப் புத்தகம் என்றாலே எல்லோரும் பந்தைத்தான் சொல்வார்கள். நான்கு நிறம் கொண்டதால் சூரியனைவிட நான்கு மடங்கு அழகான பந்து, காருக்கு அடியில் போய்விடும் பந்து. நான் புரட்டியது கோவிக்கிற கதையைத்தான். ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேட்டாலும் அவனுக்குக் கோபம், ஏன் இவ்வளவு சாப்பிடுகிறாய் என்று கேட்டாலும் கோபம். எங்கள் வீட்டில் எனக்கு உம்மணாமூஞ்சி என்றே பெயர்.

கோவித்துக்கொண்டு சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அப்படிப் படுத்திருப்பவளுக்குக் காது மட்டும் தூங்காது. தட்டு வைக்கிற சத்தம், ரசம் ஊற்றுகிற சத்தம், "அவளுக்கு எடுத்து மூடி வை" என்கிற அம்மாவின் குரல், எவர்சில்வர் தட்டைக் கவிழ்க்கிற சத்தம். ஒரு தடவை கூப்பிட்டால் போகக் கூடாது. இரண்டாவது தடவைக்காகக் காத்திருப்பேன். சில நாள் அது வராது. அந்த இருட்டில் தொண்டை அடைத்துக்கொண்டு கிடந்தது இன்றும் நினைவிருக்கிறது.

புத்தகத்தை எழுதிய அலெக்சாந்தர் ரஸ்கின் இந்தக் கதைகளை முதலில் சொன்னது உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த தன் மகள் சாஷாவுக்கு. வலியில் கிடக்கும் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, நானும் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தேன் என்று ஒரு அப்பா சொல்கிறார். ரஷ்யாவில் 1960களின் தொடக்கத்தில் புத்தகமாக வந்தது. சோவியத் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன என்சிபிஎச் (நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம்) வண்டியில் என் அப்பா அதன் தமிழ்ப் பதிப்பை வாங்கினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியவர்களுக்கும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்திருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்தத் துணிச்சலில் அப்பாவிடம் கேட்டேன், நீங்களும் கோவிச்சுக்குவீங்களா என்று. பேப்பரை மடியில் இறக்கினார். பெரியப்பா அடித்துவிட்டார் என்று வைக்கோல் போருக்குப் பின்னால் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தாராம். "யாரும் தேடி வரலம்மா. பசிச்சுது, நானே வந்துட்டேன்." அவ்வளவுதான் சொன்னார், மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார். வைக்கோல் ஒட்டிய கால்சட்டையோடு என் அப்பா தனியாக வீட்டுக்கு நடந்து வருவதை எத்தனையோ இரவுகள் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மாறுமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குக் கோபம் வருவது நிற்கவில்லை. சுருக்கென்று குத்துவது இன்றும் அப்படியேதான் குத்துகிறது. "ஒண்ணுமில்ல" என்ற வார்த்தையை மட்டும்தான் விட்டிருக்கிறேன். அதற்குப் பதில் "கோவமா இருக்கேன், ராத்திரி பேசறேன்" என்கிறேன். சொல்ல நாக்கு எழும்பாது, தொண்டை வரை வந்து நிற்கும். ஆனால் சொல்லிவிட்டால், அந்தப் பக்கம் இருப்பவர் என்ன தப்பு செய்தோம் என்று தவிக்க வேண்டியதில்லை. உங்கள் மனைவி அந்த இரண்டு நாளும் அப்படித்தான் தவிப்பார் என்று நினைக்கிறேன்.

அப்புறம், மகள் கோவிக்கிற கதையை மறுபடி கேட்பாள், குழந்தைகள் கேட்பார்கள். வாசித்து முடித்ததும் உங்கள் கதை ஒன்றையும் சொல்லுங்கள். போன வாரத்துக் கதையாக இருந்தாலும் சரி. மனைவியும் பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். பழைய பிரதி, தையல் விட்டிருக்கும். மெதுவாகப் புரட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா