பொண்ணு காலேஜ் கோச் ஆகணும்ங்கறா, என்ன பண்றதுன்னு கேட்ட அக்காவுக்கு

அக்கா, உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். பொண்ணு கலிஃபோர்னியாவுல எகனாமிக்ஸ் ரெண்டாவது வருஷம், இப்ப பாஸ்கெட்பால் கோச் ஆகணும், ஒருநாள் ஸ்டான்ஃபோர்டு மாதிரி இடத்துல ஹெட் கோச்சா இருக்கணும்ங்கறா, கட்டின ஃபீஸ் எல்லாம் வீணாப்போயிடுமோன்னு உங்களுக்குத் தூக்கம் வரல. அந்த ஸ்டான்ஃபோர்டையே எடுத்துப் பாப்போம்.

அங்க பெண்கள் டீமுக்கு 1985-ல வந்த தாரா வான்டர்வீர், 2024-ல ரிட்டயர் ஆகும்போது மொத்த கோச்சிங் கணக்குல 1,216 வெற்றி, மூணு நேஷனல் சாம்பியன்ஷிப், நடுவுல 1996 ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்கா டீமுக்கு கோச்சா இருந்து தங்கம் வேற. ஆனா சின்ன வயசுல இவங்க வெளிய பந்து ஆடிட்டு இருந்தா அவங்க அப்பா, பாஸ்கெட்பால் உன்ன எங்கயும் கொண்டுபோகாது, உள்ள வந்து அல்ஜீப்ரா போடுன்னு கூப்பிடுவாராம். எல்லா ஊர் அப்பா அம்மாவும் ஒண்ணுதான் அக்கா. இண்டியானாவுல படிக்கும்போது ஆண்கள் டீம் கோச் பாப் நைட் நடத்துற பிராக்டிஸுக்குப் போய் உக்காந்து நோட்ஸ் எடுப்பாங்க. படிச்சு முடிச்சதும் வேலை கேட்டு நிறைய யூனிவர்சிட்டிக்கு எழுதிப்போட்டாங்க, பதில் வந்தது ரொம்ப கொஞ்சம்தான், அதுல ஒஹாயோ ஸ்டேட்ல சம்பளம் இல்லாத அசிஸ்டென்ட்டா சேந்து கூடவே மாஸ்டர்ஸ் முடிச்சாங்க. அப்புறம் ஐடஹோ, திரும்ப ஒஹாயோ ஸ்டேட்ல ஹெட் கோச், அதுக்கப்புறம்தான் ஸ்டான்ஃபோர்டு.

அவங்களுக்கு அடுத்து வந்த கேட் பே அந்த டீம்லயே ஆடினவங்க, 1992 சாம்பியன் டீம்ல இருந்தாங்க. லா டிகிரியும் எம்பிஏவும் அங்கயே முடிச்சவங்க. அதனால டிகிரி வீணாகும்ங்கற பேச்ச விடுங்க, எகனாமிக்ஸ கண்டிப்பா முடிக்கச் சொல்லுங்க, பட்ஜெட், ஸ்காலர்ஷிப், ரெக்ரூட்டிங் (புது பிளேயர்ஸ தேடிப் பிடிச்சு சேக்கறது), எல்லாத்துலயும் கணக்கு வேணும்.

நீங்க நிஜமா யோசிக்க வேண்டியது வேற. ஹெட் கோச் சீட்டு ஒரு டீமுக்கு ஒண்ணுதான், அதுக்கு கீழ கிராஜுவேட் அசிஸ்டென்ட் (மாஸ்டர்ஸ் படிச்சுக்கிட்டே டீமுக்கு வேலை பாக்கறவங்க), வீடியோ கோஆர்டினேட்டர், டைரக்டர் ஆஃப் ஆபரேஷன்ஸ், அசிஸ்டென்ட் கோச்சுன்னு வருஷக்கணக்கா ஏறணும், ஆரம்பத்துல சம்பளம் ரொம்ப கம்மி, வீக்கெண்டு கிடையாது, ஹெட் கோச் மாறினா புதுசா வர்றவங்க தன் ஆளுங்களோட வருவாங்க, உங்க பொண்ணு பொட்டியக் கட்டணும். இன்னொண்ணு, எந்த விளையாட்டுங்கறதும் முக்கியம். ஸ்டான்ஃபோர்டே 2020-ல 36 விளையாட்டுல 11-ஐ நிறுத்தறோம்னு அறிவிச்சுட்டு, எதிர்ப்பு கிளம்பி 2021 மே மாசம் வாபஸ் வாங்கிச்சு. அந்த நடு மாசங்கள்ல ஃபென்சிங், ரெஸ்லிங் கோச்சுங்க எல்லாம் எப்படி இருந்திருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. 2025-ல இருந்து யூனிவர்சிட்டியே பிளேயர்ஸுக்கு நேரா பணம் கொடுக்கலாம்னு ஆயிடுச்சு, முதல் வருஷ உச்சவரம்பே ஒரு யூனிவர்சிட்டிக்கு சுமார் 2 கோடி டாலர், அதனால வருமானம் இல்லாத விளையாட்டுங்க மேல இன்னும் பிரஷர். பாஸ்கெட்பால் அந்த வகையில கொஞ்சம் தெம்பான இடம்தான்.

அவகிட்ட சம்பளம் எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க. இப்பவே அவ காலேஜ் டீம்ல ஸ்டூடன்ட் மேனேஜரா சேரச் சொல்லுங்க, பந்து எடுத்துப்போடறது, வீடியோ வெட்டறது, காலைல பிராக்டிஸுக்கு முன்னாடி ஜிம்மத் திறக்கறது எல்லாம் அதுல வரும். சம்மர்ல கோச்சுங்க நடத்துற கேம்ப்ல வேலை கேக்கட்டும். ஒரு முழு சீசன் இத பண்ணிட்டு அப்பவும் இதுதான் வேணும்னா, ரெண்டு பேரும் சேந்து எனக்கு கால் பண்ணுங்க, கிராஜுவேட் அசிஸ்டென்ட் அப்ளிகேஷன எப்படி போடறதுன்னு உக்காந்து பேசுவோம்.