எட்டு நாளும் பெர்லினிலேயே இருங்கள்

கேள்வி: எனக்கு 58 வயது, கோவையில் இருக்கிறேன். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி, கல்யாணமாகி பெர்லினுக்குப் போய் 29 வருடம் ஆகிறது. அதன் பிறகு போனில் பேசியதோடு சரி, நேரில் பார்க்கவே இல்லை. கணவர் தவறிய பிறகு அவள் அங்கே தனியாகத்தான் இருக்கிறாள். ‘ஜூனில் வா, எட்டு நாள் என்னோடு இரு’ என்று கூப்பிடுகிறாள். ஆனால் வேலைக்குப் போகிறவள், இரண்டு நாள்தான் லீவு கிடைக்குமாம். என் அண்ணன் மகன், ‘இவ்வளவு செலவு பண்ணிப் போய் ஒரே ஊர்லயா உட்காருவீங்க அத்தை’ என்று அதே எட்டு நாளில் பிராக், வியன்னா, ஆம்ஸ்டர்டாம் எல்லாம் சேர்த்துத் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறான். எனக்கு ஊர் பார்க்க ஆசைதான். அவளுக்குப் பாரமாகி விடுவேனோ என்ற தயக்கமும் இருக்கிறது. இன்னொன்று, இத்தனை வருடம் கழித்து எட்டு நாள் பேச எங்களிடம் என்ன இருக்கும் என்று பயமாகவும் இருக்கிறது. — பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை.

பதில்: முதலில் அண்ணன் மகனின் திட்டத்தை மடித்து வைத்துவிடுங்கள். பாவம், அத்தை நாலு ஊர் பார்க்கட்டும் என்ற பிரியத்தில்தான் போட்டிருக்கிறார், அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். பெர்லினிலிருந்து பிராகுக்கு ரயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல், ஆம்ஸ்டர்டாமுக்கு ஆறு மணி நேரம், வியன்னாவுக்கு எட்டு மணி நேரம். எட்டு நாளில் இதையெல்லாம் நுழைத்தால் நீங்கள் அதிகம் பார்க்கப் போவது ரயில் ஜன்னலையும் ஹோட்டல் வரவேற்பறையையும்தான். 29 வருடம் காத்திருந்த தோழி வீட்டில் பெட்டியை வைத்து எடுக்கும் விருந்தாளியாகிப் போவீர்கள். அது அவருக்கு எவ்வளவு வலிக்கும் என்று நீங்கள் யோசித்ததால்தானே எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

கடிதத்தின் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். அதற்கு என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நானும் அதே ஊருக்கு, அதே மாதிரி ஒரு பழைய தோழி வீட்டுக்குத்தான் போயிருந்தேன். முதல் இரண்டு நாள் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பிள்ளைகள் படிப்பு, யார் யார் தவறிப் போனார்கள், யார் வீடு கட்டினார்கள் என்று எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டோம். மூன்றாம் நாள் நிஜமாகவே பேச ஒன்றும் இல்லை. அவள் பாத்திரம் கழுவினாள், நான் துடைத்து வைத்தேன். அப்புறம், ‘வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்’ என்று டெம்பெல்ஹோஃபுக்குக் கூட்டிப் போனாள்.

டெம்பெல்ஹோஃப் ஒரு பழைய விமான நிலையம். 2008-இல் மூடினார்கள், 2010-இலிருந்து பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஓடுபாதையை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர், அதில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், பட்டம் விடலாம். போருக்குப் பிறகு பெர்லின் சோவியத் பிடியில் கிழக்கு, அமெரிக்கத் தரப்பின் பிடியில் மேற்கு என்று பிரிந்து கிடந்தது. 1948-இல் சோவியத் தரப்பு மேற்கு பெர்லினுக்கு வரும் சாலை, ரயில், நீர்வழி எல்லாவற்றையும் அடைத்தபோது மாவிலிருந்து நிலக்கரி வரை விமானத்தில் கொண்டுவந்து இறக்கிய இடங்களில் ஒன்று இது. இறங்க வரும் அமெரிக்க விமானிகள் சிலர் வேலியோரம் நிற்கும் பிள்ளைகளுக்காகக் கைக்குட்டையில் சாக்லேட்டைக் கட்டி, குட்டிப் பாராசூட் மாதிரி கீழே போட்டிருக்கிறார்கள். அந்த ஓடுபாதையில் ராத்திரி எட்டரை மணிக்கு, இன்னும் பளிச்சென்று வெயில் இருக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். இரண்டு பக்கமும் முழங்கால் உயரப் புல். உள்ளே வானம்பாடிகள் தரையில் கூடு கட்டுவதால் அந்த மாதங்களில் புல்வெளியில் ஒரு பகுதியைக் கயிறு கட்டி அடைத்துவிடுவார்கள்.

மேஜையில் எதிரே உட்கார்ந்தபோது வராத பேச்சு, பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது தானாக வந்தது. பாதையின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பும்போது அவள் தன் முதல் குளிர்காலத்தைப் பற்றிச் சொன்னாள். மத்தியானம் நாலு மணிக்கே இருட்டிவிடுமாம். வீட்டுக்குள் அழுதால் கணவர் வருத்தப்படுவார் என்று குப்பை கொட்டப் போகிற சாக்கில் கீழே இறங்கி, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டு மேலே போவாளாம். அத்தனை வருட போன் பேச்சில் ஒரு தடவைகூட அவள் அதை என்னிடம் சொன்னதில்லை. அதனால் பேச என்ன இருக்கும் என்று பயப்படாதீர்கள். பேச்சு தீர்ந்துபோகிற நாள் வரும், அன்றைக்கு வெளியே கிளம்பிவிடுங்கள். ஜூனில் அங்கே ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். உங்கள் தோழி ஐந்து மணிக்கு வேலை முடித்து வந்தாலும் உங்களுக்கு முழுசாக நாலு மணி நேரப் பகல் பாக்கி இருக்கிறது. லீவு இல்லையே என்று நீங்கள் கவலைப்படும் அளவுக்கு நிலைமை மோசம் இல்லை.

சரி, அவர் வேலைக்குப் போகும் பகலில் என்ன செய்வது? தனியாகப் போங்கள். அவர் மேல் பாரமாக இருக்கக் கூடாது என்று உண்மையாகவே நினைத்தால் அதற்கு வழி இதுதான், வீட்டுக்குள்ளேயே அவருக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இல்லை. நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்ற நினைப்பு அவரை வேலையில் நிம்மதியாக இருக்க விடாது. முதல் நாள் 100-ஆம் எண் பஸ்ஸில் ஏறுங்கள். விலங்கியல் பூங்கா நிலையத்திலிருந்து அலெக்சாண்டர்பிளாட்ஸ் வரை போகும். கிழக்கும் மேற்கும் ஒன்றான 1990-இல் இரண்டையும் இணைத்து விட்ட பஸ் அது, சாதாரண டிக்கெட்தான். மாடியில் முன் சீட்டு கிடைத்தால் வெற்றித் தூண், நாடாளுமன்றம், உன்டர் டென் லிண்டன் சாலை என்று பாதி ஊரை உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். காகித டிக்கெட் என்றால் வாங்கினால் மட்டும் போதாது, நடைமேடையிலோ பஸ்ஸிலோ இருக்கும் சின்னப் பெட்டிக்குள் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை, அபராதம் 60 யூரோ. சாதாரண உடையிலும் வந்து சோதிப்பார்கள், வெளியூர்க்காரர் என்று சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடத்துக்குள் ஏற ஆசை இருந்தால் (கட்டாயம் இருக்க வேண்டும்) இப்போதே உங்கள் தோழியிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கட்டணம் கிடையாது, ஆனால் பெயர், பிறந்த தேதி கொடுத்து முன்கூட்டியே பதிய வேண்டும், அன்றைக்குப் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1999-இல் திறந்தது. சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளம்தான், படி இல்லை, முழங்கால் வலி இருந்தாலும் மெதுவாக ஏறிவிடலாம். அங்கிருந்து பிராண்டன்பர்க் வாயில் நடக்கிற தூரம். அதற்கும் பக்கத்தில், கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவிடம். சாம்பல் நிறத்தில் 2,711 கான்கிரீட் கட்டைகள். ஓரத்தில் முழங்கால் உயரம்கூட இல்லாமல் ஆரம்பித்து, உள்ளே போகப் போகத் தரை இறங்கிக் கட்டைகள் தலைக்கு மேல் போய்விடும், தெருச் சத்தம் குறைந்துவிடும். அங்கே தயவுசெய்து கட்டை மேல் ஏறி நின்று போட்டோ எடுக்காதீர்கள். எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

மியூசியங்களில் பெர்காமோன் 2023-இலிருந்து மூடியிருக்கிறது, அதற்காக அலைய வேண்டாம். நோயஸ் மியூசியத்தில் பழைய எகிப்து அரசி நெஃபர்டிட்டியின் சிலை ஒன்றைப் பார்த்தால் போதும், மற்றவை உங்கள் கால் வலியைப் பொறுத்து. திங்கட்கிழமை பல மியூசியங்கள் திறக்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த இரண்டு நாள் லீவு. வியாழன், வெள்ளி எடுக்கச் சொல்லுங்கள், சனி ஞாயிறோடு சேர்ந்து நாலு நாளாகிவிடும். அந்த நாட்களை அவரோடு எங்கே செலவழிக்கலாம் என்று கேட்டால் நான் இரண்டு இடம் சொல்வேன்.

ஒன்று பெர்னவர் தெரு. கிழக்கு பெர்லினையும் மேற்கு பெர்லினையும் பிரித்த சுவர் எழுந்தது 1961 ஆகஸ்ட் 13-இல். அந்தத் தெருவின் ஒரு வரிசை வீடுகள் கிழக்கைச் சேர்ந்தவை, ஆனால் வாசலுக்கு வெளியே இருக்கும் நடைபாதை மேற்கு. வாசல்களை அடைத்ததும் ஜனங்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். ஆகஸ்ட் 22 காலையில் ஈடா சீக்மன் என்ற அம்மா முதலில் மெத்தை தலையணைகளைக் கீழே போட்டுவிட்டு மூன்றாம் மாடியிலிருந்து குதித்தார். மெத்தை மேல் விழவில்லை, உயிர் போய்விட்டது. மறுநாள் அவருக்கு 59-ஆவது பிறந்த நாள். உங்கள் வயதுதான். சுவர் நின்ற இடத்தில் இப்போது துருப்பிடித்த நிறத்தில் இரும்புக் கம்பிகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள், இடையில் புகுந்து அந்தப் பக்கம் போகலாம், வரலாம். காசு எதுவும் கேட்பதில்லை.

இன்னொன்று ஃப்ரீட்ரிக்‌ஷ்ட்ராசே ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கும் கண்ணாடிக் கூடம். 1962-இல் கட்டியது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் கண்ணீர் மாளிகை. மேற்கிலிருந்து ஒரு நாள் விசாவில் கிழக்கில் இருக்கும் அம்மாவையோ அக்காவையோ சிநேகிதியையோ பார்க்க வருவார்கள், நள்ளிரவுக்குள் திரும்பிவிட வேண்டும். 1980-இலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஆளுக்கு 25 மேற்கு ஜெர்மன் மார்க்கைக் கட்டாயமாகக் கிழக்குப் பணமாக மாற்றிக்கொள்ள வேண்டியும் இருந்தது. வழியனுப்ப வந்தவர்கள் இந்தக் கூடத்தின் வாசல் வரைதான் வரலாம், அதற்கு மேல் ஒரு அடி வைக்க முடியாது. உள்ளே பாஸ்போர்ட் சோதித்த அடைப்பை அப்படியே வைத்திருக்கிறார்கள், ஒரு ஆள் பெட்டியோடு நிற்கும் அகலம்தான். அதற்குள் நானும் போய் நின்றேன், முன்பக்கக் கதவு சாத்தியதும் மூச்சு முட்டியது. வெளியே வந்தால் என் தோழி கூடத்தின் அந்தக் கோடியில் என் கைப்பையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இந்த இடத்துக்கு நீங்கள் தனியாகப் போகாதீர்கள், அவரோடு போங்கள்.

ஞாயிறு கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே பாலும் காய்கறியும் வாங்கி வைத்துவிட்டு போட்ஸ்டாம் போய்வாருங்கள், நகர ரயிலில் முக்கால் மணி நேரம்தான். சான்சூசி அரண்மனையின் திராட்சைத் தோட்டப் படிகளுக்கு மேலே மன்னர் இரண்டாம் ஃப்ரீட்ரிக்கின் கல்லறை இருக்கிறது, அதன் மேல் ஜனங்கள் பூவோடு உருளைக்கிழங்கும் வைத்துவிட்டுப் போகிறார்கள், அந்த நாட்டில் உருளைக்கிழங்கு பயிரிட வைத்தவர் என்று. கோயிலுக்குப் போகத் தோன்றினால் பிரிட்ஸ் பகுதியில் ஈழத்தமிழர்களின் மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது.

வீட்டு விஷயம் நாலு சொல்லிவிடுகிறேன், பாரமாகாமல் இருப்பது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. அங்கே வாசல் கதவுக்கு வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி இருக்காது. இழுத்துச் சாத்தினால் பூட்டிக்கொள்ளும், சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் ஆள் வரவழைத்துத் திறக்க நூற்றுக்கணக்கில் யூரோ கேட்பார்கள். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாலும் தப்பில்லை. குளியலறையில் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே தரையில் தண்ணீர் போக வழி இருக்காது, நம் வீட்டில் மாதிரி வாளியில் மொண்டு ஊற்றினால் கீழ்வீட்டுக்காரர் கூரைதான் நனையும். மிளகாய் தாளிக்கும் முன் ஜன்னலைத் திறங்கள், புகை பட்டதும் கத்துகிற கருவி எல்லா வீட்டிலும் உண்டு. ராத்திரி பத்துக்கு மேல் ஊருக்கு ஸ்பீக்கரில் வீடியோ கால் வேண்டாம்.

அவருக்கு என்ன கொண்டுபோவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கோவையிலிருந்து வெறுங்கையோடு யார் கிளம்புவார்கள். நெய், பால்கோவா, பன்னீர் எதுவும் வேண்டாம், இறைச்சியும் பால் பொருளும் அங்கே கொண்டுபோகத் தடை. மாம்பழமும் கறிவேப்பிலைக் கட்டும் சான்றிதழ் இல்லாமல் கூடாது, எவ்வளவு ஆசையாக இருந்தாலும். சாம்பார் பொடி, வடகம், அப்பளம், காபிப் பொடி கொண்டுபோங்கள். அப்புறம் விடுதி நாட்களின் போட்டோ ஏதாவது பீரோவில் இருக்கும், தேடி எடுங்கள்.

விசாவுக்கு அவர் அழைப்புக் கடிதம் வேண்டும், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கோடையில் கூட்டம் அதிகம், தள்ளிப்போடாதீர்கள். ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு முன், எந்த வியாழன் வெள்ளி லீவு கிடைக்கும் என்று இன்று ராத்திரியே அவருக்குப் போன் பண்ணிக் கேளுங்கள். அதைச் சுற்றித்தான் மற்ற தேதிகளைப் போட வேண்டும்.