ஆய்வு நிதி நிலையை ஒரே மாதிரி பதிவது எப்படி?

கேள்வி: எங்கள் கல்லூரியின் ஆய்வுத் தகவல் அமைப்பில் 'நிதி நிலை' என்ற கட்டத்தை ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு மாதிரி நிரப்புகிறது. இதை எப்படித் தரப்படுத்துவது?

சேலத்தில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவில் நான் பார்க்கும் வேலையே இதுதான். 'சாங்ஷன்டு', 'அப்ரூவ்டு', 'கிராண்ட் ரிசீவ்டு', 'ஆன்கோயிங்' எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பட்டியல் போட்டால் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். தீராது. அந்த ஒரே கட்டத்துக்குள் மூன்று கேள்விகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன: விண்ணப்பம் என்ன ஆனது, பணம் எதுவரை வந்தது, வேலை எங்கே நிற்கிறது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் தண்டுத் துளைப்பான் என்ற பூச்சியைப் பற்றி மூன்று வருடத் திட்டம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாங்ஷன் ஆர்டர் வந்தாயிற்று, முதல் தவணையும் வந்து செலவாகிவிட்டது. யுசியும் (பணம் உரிய வேலைக்குச் செலவானதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ்) செலவுக் கணக்கும் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த தவணை. அதுவரை பணம் வராது, ஆனால் ஆய்வு மாணவர் மலையில் மாதிரி எடுத்துக்கொண்டுதான் இருப்பார். இதை 'ஆன்கோயிங்' என்று துறை எழுதும், 'பெண்டிங்' என்று கணக்குப் பிரிவு எழுதும். இரண்டும் சரிதான்! அதனால் மூன்று கட்டமாகப் பிரியுங்கள். இந்தத் திட்டத்துக்கு அவற்றில் வருவது: விண்ணப்பம் ஏற்கப்பட்டது, நிதி பகுதி விடுவிப்பு, பணி நடப்பில். தொகையிலும் இதே பிரிவு வேண்டும். மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.-இன் படிவம் அந்தந்த ஆண்டில் கைக்கு வந்த தொகையைக் கேட்கிறது. ஒப்புதலான மொத்தத் தொகையை அங்கே போட்டால் கணக்கு உதைக்கும்.

அடுத்தது தேதி. ஆய்வுத் தகவல்களை ஒரே மாதிரி பதிவதற்காக ஐரோப்பாவின் யூரோகிரிஸ் (euroCRIS) அமைப்பு பராமரிக்கும் செரிஃப் (CERIF) தரவு மாதிரியில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்: நிலை என்பது ஒரு வகைப்பாடாகத் திட்டத்தோடு இணைகிறது, அந்த இணைப்புக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. புது நிலை வந்தாலும் பழையது அழியாது. செரிஃப் முழுவதையும் இறக்குமதி செய்ய வேண்டாம், அது பெரிய கடல். இந்த ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிதி நிறுவனத்தின் பெயரிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆய்வுகளுக்கு நிதி தந்துவந்த மத்திய அரசின் எஸ்.இ.ஆர்.பி. வாரியம், 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இப்போது ஏ.என்.ஆர்.எஃப். என்ற தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது. அதற்காகப் பழைய பதிவுகளில் பெயரை மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். ஆர்டரில் உள்ள பெயர் அப்படியே இருக்கட்டும், இன்றைய நிறுவனத்தைத் தனிக் கட்டத்தில் இணையுங்கள்.

நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களையும் வைத்திருங்கள், வெளியார் பார்க்கும் பக்கத்தில் மட்டும் காட்ட வேண்டாம்.

அப்புறம், யார் மாற்றலாம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பணத்தின் நிலை கணக்குப் பிரிவிடம், பணியின் நிலை திட்டத்தின் பி.ஐ.யிடம் (முதன்மை ஆய்வாளரிடம்). பி.ஐ. கையில் இருக்கும் கட்டத்துக்குத் திட்டம் முடியும் தேதி தாண்டியதும் தானாக ஒரு நினைவூட்டல் போகும்படி செய்யுங்கள். இல்லையென்றால் அவர் ஓய்வு பெற்ற பிறகும் அது 'நடப்பில்' என்றே இருக்கும்.